மடியில் ஒரு மடக்குக் கத்தி

தேவாரத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியற்காலையில் மலையேறும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு நாம் சொல்வது தெரியும். ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் ஆண்களும் பெண்களும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தலையில் ஒரு துணி, கையில் ஒரு தூக்குச்சட்டி. இவை கண்ணுக்குத் தெரியும் சாமான்கள். கண்ணுக்குத் தெரியாத சாமான் ஒன்று வயதானவர்கள் சிலருடைய மடியில் இருக்கும். அதுதான் மடக்குக் கத்தி. ஏலக்காய் பறிக்கக் கத்தி வேண்டியதில்லை, விரலே போதும். ஆனால் சாக்கின் தையலைப் பிரிக்க வேண்டும், கயிற்றை அறுக்க வேண்டும், மத்தியானச் சோற்றுக்கு ஒரு வெங்காயமாவது நறுக்க வேண்டும். அதற்கெல்லாம் மலைமேல் அடுக்களையைத் தேடிக்கொண்டு போக முடியுமா?

நமக்கு மலையில் வேலையில்லை, பள்ளிக்கூடத்தில்தான் வேலை. இருந்தாலும் நம்மிடமும் ஒரு மடக்குக் கத்தி உண்டு. நம் தந்தையார் வைத்திருந்தது. மாம்பழமும் எலுமிச்சையும் வெட்டி வெட்டிக் கறுத்துப்போன அலகு. மான்கொம்பு போலத் தோன்றும் மரப்பிடி. அந்தக் கத்தியை நாமே ஒரு நாள் பாழாக்கினோம். அந்தக் கதையைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தோம்.

சில வருஷங்களுக்கு முன் தெருவில் சாணை பிடிப்பவர் ஒருவர் வந்தார். மோட்டார் வைத்த சக்கரம். கத்தியை நீட்டினோம். பொறி பறந்தது; வேடிக்கையாகத்தான் இருந்தது. ஒரே நிமிஷத்தில் வேலை முடிந்தது. அன்று மாலை கத்தி அற்புதமாக வெட்டிற்று. மூன்றாம் நாள் மொண்ணையாகிவிட்டது. அழுத்தி அறுக்கப் பார்த்தோம். கத்தி வழுக்கிற்று, மடங்கிற்று, நம் இடது கட்டை விரலில் மூன்று தையல் போட வேண்டியதாயிற்று. கூரான கத்தி தானே வெட்டும். மொண்ணைக் கத்தியை நாம் அழுத்துகிறோம், அழுத்திய கை போகுமிடம் நம் வசத்தில் இல்லை.

தோட்ட வேலையிலேயே முதுமையடைந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் கத்தியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வாத்தியாரய்யா, கத்தியை எரிச்சுப்புட்டீங்களே!" என்றார்.

விளிம்பை ஒட்டி ஒரு நீல நிறம் ஓடியிருந்தது. அதுவரை அது நம் கண்ணில் படவேயில்லை. வகுப்பில் பௌதிகம் நடத்துகிறவருக்கு இது சற்று வெட்கமான விஷயம்தான். எஃகைக் காய்ச்சிக் குளிர்வித்துக் கடினமாக்கியபின், அது கண்ணாடிபோல் உடையாதிருப்பதற்காக மீண்டும் அளவான சூட்டில் பதப்படுத்துகிறார்கள். வேகமாகச் சுழலும் கல்லில் அழுத்திப் பிடித்தால், மெல்லிய விளிம்பு அந்த அளவைத் தாண்டிக் காய்ந்துவிடுகிறது. முதலில் வைக்கோல் நிறம், அப்புறம் ஊதா, சுமார் 300 டிகிரியில் நீலம். நீலம் கண்ட இடத்தில் எஃகு மிருதுவாகிவிட்டது என்று அர்த்தம். பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது.

"நகக்கண் அகலத்துக்குத்தான் போயிருக்கு. கல்லுல தேச்சுத் தள்ளுங்க, உள்ளே உசிரு இருக்கு" என்றார் பெரியவர்.

அப்பன் பாட்டன் கத்தி கிடைக்காதவர்கள் கடையில்தான் வாங்க வேண்டும். அவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. பதினைந்து கருவிகள் ஒன்றாய் மடங்கும் விசித்திரத்தைக் கடைக்காரர் முதலில் காட்டுவார். அதைப் பார்த்து ரஸித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மூன்று அங்குல அலகு ஒன்று போதும். திறந்து, பிடியை இறுகப் பற்றி, அலகை இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். ஆணி ஆடினால் வேண்டாம். மடக்கும்போது அலகு நடுவில் இறங்க வேண்டும். பக்கத்துச் சுவரில் உரசக் கூடாது. திறந்த அலகு தானே மடங்காமல் பிடித்துக்கொள்ளும் பூட்டு இருந்தால் உத்தமம். நம் தந்தையார் கத்தியில் அது இல்லை, விரலுக்குத் தெரியும்.

எந்த எஃகு? துருப்பிடிக்காத எஃகை 1913-ல் ஷெபீல்டில் ஹாரி பிரியர்லி செய்து காட்டினார். குரோமியம் கலந்த அந்த எஃகு, மழையிலும் பனியிலும் நடமாடுகிறவர்களுக்கும் சோம்பேறிகளுக்கும் ஏற்றது. பழைய கார்பன் எஃகு துருவேறும். ஆனால் சாதாரணக் கல்லிலேயே விரைவில் கூர் பிடிக்கும். வெட்டியவுடன் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவுகிறவர்களுக்கு நாம் கார்பனையே சொல்வோம். அதில் படரும் சாம்பல் கறுப்பு குற்றமில்லை. சிவப்புத் துருவைத்தான் விடக் கூடாது.

எஃகென்றால் ஷெபீல்டுதான் என்று நினைத்து வளர்ந்த தலைமுறை நம்முடையது. ஆகவே இதையும் சொல்லிவிடுகிறோம். 1794-ல் பம்பாயிலிருந்து டாக்டர் ஹெலெனஸ் ஸ்காட் லண்டன் ராயல் சொஸைட்டிக்கு நம் நாட்டு எஃகுக் கட்டிகள் சிலவற்றை அனுப்பினார். 'வூட்ஸ்' என்று அதற்குப் பெயர். கன்னட 'உக்கு', தமிழ் 'உருக்கு' இவற்றின் திரிபு என்பது அறிஞர் பலர் கருத்து. மூசையில் இட்டு உருக்கும் அந்தத் தொழிலுக்குக் கொங்கு நாட்டுக் கொடுமணல் அகழாய்வில் சான்றுகள் கிடைத்திருக்கின்றன. 1795-ல் ஜார்ஜ் பியர்ஸன் அந்த எஃகைச் சோதித்துக் கட்டுரை எழுதினார். சோதனைக்காக ஸ்டோடார்ட் என்ற கத்திக்காரர் அதைக் கொண்டு செய்தது என்ன தெரியுமா? ஒரு பேனாக் கத்தி! உயர்ந்த எஃகுக் கத்திக்குச் சமமாக அது வெட்டிற்றாம். அதே ஸ்டோடார்ட்தான் பின்னால், 1820-ல், மைக்கேல் பாரடேயுடன் சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்தவர்.

சட்டத்தைப் பற்றியும் ஐயம் வேண்டாம். ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள ஆயுதங்களைத்தான் ஆயுத விதிகள் குறிப்பிடுகின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் ஆனவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. ஆனால் விமானத்தில் கைப்பையில் கொண்டு போக முடியாது. பள்ளிக்கூடத்துக்குள் நாமும் கொண்டு போவதில்லை.

இனித் தீட்டும் முறை. ஒரு பக்கம் கரடும் மறு பக்கம் மிருதுவுமான கார்போரண்டம் கல் ஒன்று வாங்குங்கள். தண்ணீர் என்றால் என்றும் தண்ணீர், எண்ணெய் என்றால் என்றும் எண்ணெய். ஒன்றோடொன்று கலக்க வேண்டாம். கல்லின் அடியில் ஈரத் துணியை விரித்தால் நகராது. கோணம்தான் எல்லோரும் தடுமாறும் இடம். அதற்கு ஒரு வாத்தியார் தந்திரம்: காகிதத்தின் மூலை 90 பாகை. ஒரு முறை மடித்தால் 45, இன்னொரு முறை மடித்தால் இருபத்திரண்டரை. அந்த மடிப்பைக் கல்லின்மேல் வைத்து, அதன் சாய்வுக்குக் கத்தியைச் சாய்த்துக்கொள்ளுங்கள். கல்லிலிருந்து மெல்லிய ஏடு ஒன்றைச் சீவுவது போல, விளிம்பு முன்னே செல்ல, அடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பு. அழுத்த வேண்டாம், வேகம் வேண்டவே வேண்டாம்.

எத்தனை முறை என்று எண்ணாதீர்கள். மறுபக்கத்து விளிம்பில் கட்டை விரலைக் குறுக்கே, வெளிப்புறமாக, மெல்லத் தடவிப் பாருங்கள். நெடுக ஓட்டினால் தையல்தான். நூல் போன்ற பிசிறு ஒன்று தட்டுப்படும். அடியிலிருந்து நுனிவரை விடாமல் அந்தப் பிசிறு எழுந்த பின்புதான் பக்கத்தை மாற்ற வேண்டும். பிசிறு எழுமுன் மாற்றுவதனால்தான் பலர் மணிக்கணக்காகத் தேய்த்தும் கத்தி வெட்டுவதில்லை. நமக்கு இது புரிய ஒரு மாதம் ஆயிற்று. பிறகு மிருதுவான பக்கத்தில் அதே வேலை. கடைசியில் இரு பக்கமும் மாறி மாறிப் பூப்போல. பழைய தோல் வார் ஒன்றின் உட்புறத்தில், இப்போது முதுகு முன்னே செல்லும்படி, பத்துப் பதினைந்து தடவை இழுத்தால் மிச்சப் பிசிறும் போய்விடும். செய்தித்தாளின் ஓரத்தை வெட்டிப் பாருங்கள். கிழியாமல் ஓசையின்றி இறங்கினால் சரி.

நீலம் ஓடிய நம் கத்தியைக் கல்லில் தேய்த்து உயிர் காண ஐந்து சனிக்கிழமைகள் ஆயின. ஆறாவது சனிக்கிழமை பெரியவரிடம் கொடுத்தோம். அவர் ஒன்றும் பேசவில்லை. மடியிலிருந்து ஒரு கொட்டைப்பாக்கை எடுத்துச் சீவினார். சீவல் காகிதம் போல் சுருண்டு விழுந்தது. அதை வாயில் போட்டுக்கொண்டு, கத்தியைத் துடைத்து மடக்கி, நம்மிடம் கொடுக்காமல் நம் மகளிடம் கொடுத்தார். அவள் ஏற்கெனவே காகிதத்தை இரண்டாக மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.