முக்குளிப்பு உடையை உலர்த்த எளிய கருவி

கீழக்கரை, தூத்துக்குடிக் கடற்கரைகளில் சங்கு குளிப்பது தலைமுறைத் தொழில். அன்று இடுப்புத் துணியோடு மூழ்கினார்கள். இன்று சிலிண்டர் கட்டி மூழ்கும் நம் பிள்ளைகள் 'வெட்சூட்' என்னும் ரப்பர் உடையை அணிகிறார்கள். அதை ஈரத்தோடு சுருட்டி வைத்து மறுநாளும் மாட்டினால் அரிப்பும் கொப்புளமும் வரும். வேலைநாள் வீணாகும். ஆகவே, கையோடு எடுத்துச் செல்லத்தக்க உலர்த்தியைச் செய்யும் முறையை இங்கே விளக்குகிறோம்.

இவ்வுடை நியோப்ரீன் என்ற ரப்பர் நுரையால் ஆனது. அதன்மேல் நைலான் துணி ஒட்டியிருக்கும். ஈரம் தங்குவது இத்துணியிலும் தையலிலும்தான். அங்கே பூஞ்சையும் கிருமிகளும் பெருகும். வெயிலில் போட்டால் ரப்பர் வெடித்துவிடும். நிழலில் போட்டாலோ, ஈரப்பதம் மிகுந்த கடலோரக் காற்றில் எளிதில் காயாது. கை, கால் பகுதிகளுக்குள் காற்றே நுழையாது. எனவே உள்ளே காற்றை ஊதவேண்டும். சூடு தேவையில்லை, அது ஒட்டிய இடங்களைப் பிரித்துவிடும்.

தேவையானவை: 40 மி.மீ. பி.வி.சி. குழாய், நான்குவழி இணைப்பு ஒன்று, எல்போ இரண்டு, மூடி ஒன்று, 12 வோல்ட் ப்ளோயர். கணினியில் உள்ள சாதாரண விசிறி போதாது. குழாய்க்குள் காற்றைத் தள்ளும் அழுத்தம் அதற்கு இல்லை.

செய்முறை: நான்குவழி இணைப்பின் இருபுறமும் 15 செ.மீ. குழாயைச் செருகுங்கள். அவற்றின் முனையில் எல்போவைக் கீழ்நோக்கி மாட்டி, சட்டைக் கைக்குள் இறங்கும்படி சிறு குழாய் சேருங்கள். நடுவே 50 செ.மீ. குழாய் கீழே இறங்கட்டும். அதன் மூடியில் 8 மி.மீ. துளைகள் பத்து இடுங்கள். மேல்வாயில் ப்ளோயரைப் பொருத்துங்கள். பசை வேண்டாம், கழற்றிப் பையில் வைக்கலாம். தொங்கவிடும் கயிற்றைத் தோள் குழாய்கள் இரண்டிலும் கட்டுங்கள். உடையின் பாரத்தை அவையே தாங்கவேண்டும்.

2 ஆம்பியர் இழுக்கும் ப்ளோயரை 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓட்டும். பேட்டரியை ஒட்டி 3 ஆம்பியர் ஃபியூஸ் அவசியம். படகிலோ ஈரத் தரையிலோ 230 வோல்ட் மின்சாரத்தை நெருங்கவிடாதீர்கள்.

முதலில் உடையை நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்பு இருக்கும்வரை ஈரம் போகாது. பிழியாமல் நீரை வடியவிட்டு, கருவியில் மாட்டி ஜிப்பை மூடுங்கள். காற்று மணிக்கட்டு, கணுக்கால் வழியே வெளியேறும். அஸருக்குப் பின் மாட்டிவிட்டு, இஷாவுக்குப் பின் தையல்களைத் தொட்டுப் பாருங்கள்; ஈரமிருந்தால் மேலும் ஓடட்டும்.

ஒரே உடையைச் சகோதரர்கள் மாறி மாறி அணியும் வீடுகளில் கூடுதல் கவனம் வேண்டும். உலர்த்தினால் மட்டும் கிருமி சாகாது. ஒவ்வொருவர் அணிந்த பின்னும் கழுவியே தீரவேண்டும். புண் இருப்பவர் ஆறும்வரை அதைத் தொடக்கூடாது.

இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்தால் செலவு பகிரப்படும். மின்வேலை தெரிந்த இளைஞர் ஒருவர் இருந்தால் ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடலாம்.