நாய்க்கு அடையாளம்: சிப்பா, பச்சையா?

சென்னை மாநகராட்சி 2025-இல் வளர்ப்பு நாய்களுக்கு மைக்ரோசிப் கட்டாயம் என்று சொன்னதிலிருந்து நம்ம உழவர் கூட்டங்களிலும் அந்தப் பேச்சு வந்துவிட்டது. 'அது பட்டணத்துச் சமாச்சாரம், தோட்டத்து நாய்க்கு எதுக்குங்க?' என்று ஒரு சாரார். 'உடம்புக்குள்ளே எதையோ ஊசியிலே ஏத்துறதுக்குப் பதிலா, மாட்டுக்குப் பண்ணற மாதிரி காதிலே பச்சை குத்திடலாமே' என்று இன்னொரு சாரார். இரண்டாவது கேள்வியில் விஷயம் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் 'எதுக்கு' என்பதைப் பார்த்துவிடுவோம். எனக்கு வீடு பெரிய காஞ்சிபுரத்தில், நிலம் உத்திரமேரூர் போகிற வழியில். அங்கே நாய் இல்லாமல் ஒரு போகம் ஓட்ட முடியாது. கடலை போட்டால் பன்றி வரும். மோட்டார் கொட்டகையில் ஒயரை அறுத்துக்கொண்டு போக ஆள் வரும். மின்வேலியும் வேண்டாம், விஷமும் வேண்டாம் என்று விவசாயம் செய்கிற நமக்கு நாய்தான் காவல்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து நிலத்துக்காரரின் சிப்பிப்பாறை நாய் காணாமல் போனது. மூன்று மாதம் கழித்து நாலு ஊர் தள்ளி ஒரு வீட்டில் கட்டிக் கிடந்தது. அந்த வீட்டுக்காரர், 'நான் காசு குடுத்து வாங்கினதுங்க' என்றார். இவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது. 'பொறை போட்டா எந்த நாயும்தான் வரும்' என்று அங்கே இருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். போட்டோ காட்டினார். சந்தன நிறத்தில் ஒல்லியான நாய். ஜில்லாவில் அப்படி எத்தனையோ! கடைசியில் பெரியவர்கள் பேசி, பாதிப் பணம் கொடுத்துத் தன் நாயைத் தானே விலைக்கு வாங்கிக்கொண்டு வந்தார். உடம்பில் ஓர் எண்ணும், அந்த எண் இவர் பேரில் எங்காவது பதிவும் இருந்திருந்தால் அரை நாள் பஞ்சாயத்தே நடந்திருக்காது.

இந்தத் தகராறு எனக்குப் புதிசு இல்லை. வங்கியில் நான் சேர்ந்த புதிதில் ஐ.ஆர்.டி.பி. திட்டத்தில் கறவை மாட்டுக் கடன் கொடுத்தோம். பத்திரத்தில் அடமானப் பொருளுக்கு வர்ணனை எழுத வேண்டும்: 'சிவப்புப் பசு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, இடது கொம்பு உள்வளைவு.' படித்துப் பார்த்தால் அழகாக இருக்கும். மாடு செத்து இன்சூரன்ஸ் கேட்கும்போது, ஊரில் எந்தச் சிவப்புப் பசு செத்தது என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் காதில் உலோக வில்லை மாட்டினார்கள். வில்லை இல்லை என்றால் இழப்பீடு இல்லை என்பது இன்சூரன்ஸ் சட்டம். வில்லை விழுந்துபோன நேர்மையான விவசாயி பணம் கிடைக்காமல் நின்றதையும், உயிரோடு இருக்கிற மாட்டின் வில்லை 'செத்த' மாட்டுக்குப் போனதையும் இரண்டையுமே பார்த்திருக்கிறேன். இன்றைக்கு நம் மாடுகளின் காதில் இருக்கிற மஞ்சள் வில்லையும் அதன் 12 இலக்க எண்ணும் அந்த வழியில் வந்தவைதான். ஆனால் நாய்க்குக் காது வில்லை சரிவராது. புதரில் மாட்டும், சண்டையில் கிழியும், சொறிந்து சொறிந்து புண்ணாகும். ஆகவே பாக்கி இருப்பவை பச்சையும் சிப்பும்.

பச்சை குத்துவது நமக்குப் பழக்கமான சங்கதி. நாய்க்கும் அதேதான். எண்களோ எழுத்துகளோ உள்ள ஊசிமுனை இடுக்கியால் காதின் உள்பக்கம் அழுத்தி, மை தேய்ப்பார்கள். சில நாடுகளில் உள்தொடையில் குத்துவதும் உண்டு. குட்டியாக இருக்கும்போதே செய்வார்கள். வலிக்கும் என்பதால் மயக்கம் கொடுத்துச் செய்வது நல்லது. அமெரிக்காவில் பந்தய கிரேஹவுண்டு நாய்களுக்கு இரண்டு காதிலும் பச்சை உண்டு. வலது காதில் '65பி' என்று இருந்தால், 5-இல் முடிகிற வருஷத்தில் ஆறாவது மாதம் பிறந்த இரண்டாவது குட்டி என்று அர்த்தம். இடது காதில் அந்த ஈற்றின் பதிவு எண். எந்தக் கருவியும் வேண்டாம், காதைத் திருப்பிப் பார்த்தால் போதும். கணக்குப் பிள்ளையின் மூளை இதில் தெரிகிறது, எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு.

குறை என்னவென்றால், மை நிற்காது. எங்கள் பாட்டி முன்கையில் கோலம் ஒன்று பச்சை குத்தியிருப்பார். எனக்கு விவரம் தெரிந்தபோது அது கோலமா தேளா என்று சொல்ல முடியாதபடி நீலக் கறையாகப் பரவியிருந்தது. நாய்க்கும் குட்டியில் குத்தியது காது வளர வளர இழுபடும், மங்கும், 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் போய்விடும். தோல் நிறம் இன்னொரு பிரச்சினை. ராஜபாளையம் வெள்ளை நாய், மூக்கும் தோலும் இளஞ்சிவப்பு. அதன் காதில் எழுத்து நன்றாகத் தெரியும். கறுப்புத் தோல் நாயின் காதில் குத்தினால் டார்ச் அடித்துத் தேட வேண்டும். திருடுகிறவன் காதையே அறுத்துவிட்டால் அதுவும் போச்சு. இதையெல்லாம்விட முக்கியம், நம் பக்கத்தில் நாய்க்குப் பச்சை குத்த இடுக்கி வைத்திருக்கிற மருத்துவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஐரோப்பிய நாடுகளுக்குள் நாயைக் கூட்டிப்போக 2011 ஜூலை 3-க்கு முன்னால் குத்திய, தெளிவாகப் படிக்கக்கூடிய பச்சையைத்தான் ஏற்றுக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு சிப்தான். உலகம் எந்தப் பக்கம் போய்விட்டது என்பது இதிலிருந்தே தெரியும்.

இனி சிப். 'அரிசி அளவு' என்று சொல்வார்கள், சீரகச் சம்பாவை நினைத்துக்கொள்ளாதீர்கள். சுமார் 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன். பொன்னி அரிசி இரண்டை முனைக்கு முனை வைத்தால் வருகிற நீளம். கண்ணாடிக் குப்பிக்குள் சுருட்டிய கம்பியும் ஒரு துளி சில்லும். கொஞ்சம் தடித்த ஊசியால் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் தோலுக்கடியில் வைப்பார்கள். ஒரு நிமிஷ வேலை, மயக்கம் தேவையில்லை.

பாட்டரி கிடையாது. ரீடர் என்கிற கருவியைப் பக்கத்தில் கொண்டுபோனால், அது அனுப்புகிற ரேடியோ அலையிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு தன் 15 இலக்க எண்ணைச் சொல்லும். மற்ற நேரமெல்லாம் சும்மா கிடக்கும். 'சிப் போட்டா நாய் எங்க போனாலும் செல்போன்ல தெரியுமாமே?' என்று கேட்கிறார்கள். தெரியாது. அது ஜி.பி.எஸ். இல்லை. காணாமல் போன நாயைச் சிப் கண்டுபிடித்துக் கொடுக்காது. கண்டுபிடித்த நாய் யாருடையது என்று மட்டும் சொல்லும்.

உடம்பில் அந்நியப் பொருள் வைக்கலாமா என்று நம் வாசகர்கள் கேட்பது நியாயம். ஆய்வக எலிகளில் சிப் வைத்த இடத்தில் கட்டி வந்ததாகப் பதிவுகள் உண்டு. உலகம் முழுக்க லட்சக்கணக்கான நாய்களுக்குச் சிப் போட்டிருக்கிறார்கள். அவற்றில் இப்படிப் பதிவானவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. நம் மாநிலத்தில் கோயில் யானைகளுக்கும் சிப் இருக்கிறது. அடிக்கடி நடப்பது வேறு: வைத்த இடத்திலிருந்து சிப் மெல்ல நகர்ந்து தோளுக்கோ முன்னங்காலுக்கோ இறங்கிவிடும். அதனால் ரீடரை முதுகில் மட்டும் காட்டிவிட்டு 'இல்லை' என்று சொல்லிவிடக் கூடாது, விலாவிலும் காலிலும் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிப்பின் உண்மையான பலவீனம் உடம்புக்குள் இல்லை, வெளியே இருக்கிறது. வங்கியில் கணக்கு எண் மட்டும் இருந்து லெட்ஜரில் பேர் இல்லை என்றால் அந்த எண்ணுக்கு என்ன மதிப்பு? சிப்பும் அப்படித்தான். அந்த 15 இலக்கத்தில் உங்கள் பேரும் இல்லை, ஊரும் இல்லை. எங்கோ ஒரு பதிவேட்டில் 'இந்த எண் இன்னாருடையது' என்று எழுதியிருக்க வேண்டும். நம் நாட்டில் எல்லா நாய்க்கும் பொதுவான ஒரே லெட்ஜர் இல்லை. மாநகராட்சி ஒன்று வைத்திருக்கும், இனநாய்களுக்குக் கென்னல் கிளப் ஒன்று வைத்திருக்கும், சிப் விற்கிற கம்பெனி ஒன்று வைத்திருக்கும். ஆகவே சிப் போடும் முன் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். உங்களிடம் ரீடர் இருக்கிறதா? இந்தச் சிப் ஐ.எஸ்.ஓ. தரத்தில் 15 இலக்கம் உள்ளதா? எண் எங்கே, யார் பேரில் பதிவாகும்? மூன்றாவதுக்குப் பதில் இல்லை என்றால், அங்கே சிப் போட்டுக்கொள்ளாமல் திரும்பி வருவதே மேல். பதிவு செய்தபின் போன் நம்பர் மாறினால் அதையும் மாற்ற வேண்டும். நாயை விற்றால் பேர் மாற்ற வேண்டும். பட்டா மாறுதல் மாதிரிதான்.

இந்தப் போட்டியில் மூன்றாவதாக ஓர் அடையாளமும் உண்டு, அதைத் தெருவில் தினம் பார்க்கிறோம்: கருத்தடை செய்த தெருநாயின் காதில் இருக்கும் வெட்டு. 2001-ஆம் ஆண்டின் நாய் இனக்கட்டுப்பாட்டு விதிகள் காதில் வெட்டலாம் அல்லது பச்சை குத்தலாம் என்றன. நடைமுறையில் வெட்டுதான் நின்றது. ஏன்? பிடிக்க வருகிற ஆள் பத்தடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். பச்சையைப் படிக்க நாய் கையில் நிற்க வேண்டும். யார், எங்கே நின்று படிக்கப் போகிறார் என்பதுதான் அடையாளத்தைத் தீர்மானிக்கிறது. வெட்டைத் தூரத்துக் கண் படிக்கும், பச்சையைக் கையில் பிடித்தவர் படிப்பார், சிப்பைக் கருவி படிக்கும்.

இதை வைத்து நம் தோட்டத்து நாயைப் பாருங்கள். அது கழுத்தில் ஒன்றும் இல்லாமல் ரோட்டுக்குப் போனால், பிடிக்க வருகிறவர் கண்ணுக்குத் தெருநாய்தான். தோலுக்கடியில் இருக்கும் சிப் அவருக்குத் தெரியாது. கூட்டிப்போய்க் கருத்தடை செய்துவிட்டால், ஈத்துக்கு வைத்திருந்த நல்ல கன்னி நாயோ கோம்பை நாயோ அதோடு முடிந்தது. ஆகவே சிப் போட்டாலும் பெல்ட் கட்டாயம். பெல்ட்டில் போன் நம்பர் பொறித்த தகடு. ஆனால் பெல்ட் மட்டும் போதாது. எங்க ஊர்ப் பட்டுப் புடவையில் தொங்குகிற சீட்டை யாரும் கழற்றி வேறொன்றில் கட்டிவிடலாம். முந்தானையை உடலோடு சேர்த்து நெய்த இணைப்பை அப்படி மாற்ற முடியாது. பெல்ட் அந்தச் சீட்டு மாதிரி, சிப் அந்த இணைப்பு மாதிரி.

எனவே என் கணக்கு இது: ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நாட்டு இனம் வைத்து ஈத்து எடுப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், சிப் போடுங்கள். 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் இனவிருத்தி செய்பவருக்குச் சிப்பைக் கேட்கின்றன. கென்னல் கிளப் பதிவுக்கும் சிப் வேண்டும். இன்னாரின் குட்டி, இன்ன தாய் தகப்பன் என்று சொல்லி விற்கிற இடத்தில் சில நூறு ரூபாய்ச் செலவுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். காவலுக்கு மட்டும் ஒரு நாட்டு நாய் வைத்திருப்பவர் முதலில் பெல்ட்டும் வெறிநோய்த் தடுப்பூசியும். பக்கத்தில் ரீடர் உள்ள மருத்துவமனை இருந்தால் அப்புறம் சிப். பச்சையை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். குத்தத் தெரிந்த ஆள், படிக்கும்படியான தோல், பதிவு செய்ய இடம், மூன்றும் நம்மிடம் சேர்ந்து கிடைக்காது.

தடுப்பூசி என்றதும் ஒன்று. நாய் யாரையாவது கடித்துவிட்டால் ஊர் கேட்கும் முதல் கேள்வி, 'ஊசி போட்டிருக்கா?' நீங்கள் நோட்டைக் காட்டுவீர்கள். அதில் 'ஆண், பழுப்பு, மூன்று வயது' என்று இருக்கும். எங்கள் சிவப்புப் பசு வர்ணனை மாதிரியேதான்! கடித்தது அந்த நாய்தானா என்று எதிராளி கேட்டால் பதில் இல்லை. சிப்போடு பார்கோடு ஒட்டுச்சீட்டு சில வரும். ஒன்றைத் தடுப்பூசி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள், ஒவ்வொரு ஊசி வரிக்கும் நேராக எண்ணை எழுதச் சொல்லுங்கள். கடிபட்டவர் எப்படியும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், அதில் நோட்டைக் காட்டித் தப்பிக்கக் கூடாது.

வருஷா வருஷம் ஜூலை 6-ஆம் தேதி, உலக விலங்குவழி நோய்கள் நாளில், கால்நடைத் துறை வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. நாயோடு நோட்டையும் எடுத்துப் போங்கள். ஏற்கெனவே சிப் போட்டவர்கள் ரீடர் இருந்தால் ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்லி, நோட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுக்கொண்டு வாருங்கள்.