நாய்க்கு வண்டிப் பயண வாந்தி: தவிர்க்கும் முறைகள்

தோட்டக் காவலுக்கும் ஆட்டுப் பட்டியைக் காப்பதற்கும் நாய் வளர்க்காத கிராமம் இல்லை எனலாம். இந்நாய்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை வெறிநோய்த் தடுப்பூசி போடுவது அவசியம். கால்நடை மருந்தகம் தொலைவில் இருந்தால் நாயைச் சரக்கு ஆட்டோவிலோ, வாடகைக் காரிலோ ஏற்றிச் செல்ல வேண்டியுள்ளது. புறப்பட்ட சிறிது நேரத்தில் நாய் எச்சில் வடித்து, வாந்தி எடுத்து வண்டியை அசுத்தம் செய்துவிடுகிறது. அடுத்த முறை வண்டிக்காரர் ஏற்ற மறுக்கிறார். நாயும் வண்டியைக் கண்டாலே ஓடி ஒளிகிறது. இதனால் தடுப்பூசியையே தள்ளிப் போடுவோர் உண்டு. இது வீட்டாருக்கும் ஆபத்தானது. சில எளிய முறைகளைக் கையாண்டால் இத்தொல்லையைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

காரணங்கள்

காதின் உட்பகுதியில் உடலின் சமநிலையை உணரும் உறுப்பு உள்ளது. வண்டி குலுங்கும்போதும், வளைவில் திரும்பும்போதும் உடல் அசைவதை இது மூளைக்குத் தெரிவிக்கிறது. வண்டியின் உட்புறத்தையே பார்க்கும் கண்கள் அசைவு இல்லை எனத் தெரிவிக்கின்றன. இம்முரண்பாட்டால் குமட்டல் ஏற்படுகிறது. குட்டிகளில் இவ்வுறுப்பு முழு வளர்ச்சி பெறாததால் அவை அதிகம் பாதிக்கப்படுகின்றன. ஒரு வயதை நெருங்கும்போது பல குட்டிகளில் இத்தொல்லை தானாகவே மறைகிறது.

மற்றொரு காரணம் அச்சம். தாயைப் பிரிந்த நாளிலும், ஊசி போட்ட நாளிலும் மட்டுமே வண்டி ஏறிய நாய், வண்டி என்றாலே துன்பம் என்று மனத்தில் பதித்துக் கொள்கிறது. இத்தகைய நாய்கள் வண்டி நகரும் முன்பே நடுங்கி எச்சில் வடிக்கும்.

அறிகுறிகள்

அடிக்கடி உதட்டை நக்குதல், கொட்டாவி விடுதல், எச்சில் ஒழுகுதல், இரைத்தல், முனகுதல் ஆகியவை வாந்திக்கு முன் தோன்றும். இவற்றைக் கண்டவுடன் வண்டியை நிறுத்தி, நாயைக் கயிற்றுடன் இறக்கிச் சிறிது நேரம் நடக்க விடுவது நல்லது.

பழக்கும் முறை

1. முதல் சில நாட்கள் நிற்கும் வண்டியில் நாயை ஏற்றி, 5 நிமிடம் உடன் இருந்து, அது விரும்பும் தின்பண்டம் சிறிது கொடுக்க வேண்டும்.

2. நாய் அமைதியாக இருந்தால், அடுத்த சில நாட்கள் வண்டியை நகர்த்தாமல் என்ஜினை மட்டும் ஓட விட வேண்டும்.

3. பின்னர் தெருக்கோடி வரையிலும், அதன்பின் ஒரு கிலோமீட்டர் வரையிலும் மெதுவாக ஓட்டிச் செல்லலாம். பயணம் தோட்டம், கிணற்றடி போன்ற நாய்க்குப் பிடித்த இடத்தில் முடிய வேண்டும்.

4. எந்த நிலையிலாவது எச்சில் வடித்தால், முந்தைய நிலைக்குத் திரும்ப வேண்டும். அதட்டுவதும் அடிப்பதும் அச்சத்தையே வளர்க்கும்.

இதற்குச் சில வாரங்கள் ஆகலாம்.

பயண நாளில்

வளர்ந்த நாய்க்குப் பயணத்திற்கு 6 முதல் 8 மணி நேரம் முன்பே தீனியை நிறுத்திவிட வேண்டும். சிறு குட்டிகளை நீண்ட நேரம் பட்டினி போடக் கூடாது. 3 மணி நேரம் போதும். தண்ணீர் சிறிதளவு கொடுக்கலாம். வெயிலுக்கு முன் அதிகாலையில் புறப்படுவது நலம். வண்டித் தரையில் பழைய சாக்கை விரித்தால் நாயின் கால் வழுக்காது. காற்றோட்டம் மிகவும் தேவை. உர மூட்டை, பூச்சிமருந்து டப்பா, டீசல் கேன் ஆகியவற்றுடன் நாயை ஏற்றக் கூடாது. மனிதர் குமட்டலுக்கு எலுமிச்சம்பழத்தை முகர்வதுண்டு. நாய்களுக்குப் பொதுவாக அந்த மணம் பிடிப்பதில்லை. திறந்த வண்டியில் கழுத்துச் சங்கிலியால் கட்டினால், நாய் வெளியே குதித்துத் தூக்கில் தொங்கும் அபாயம் உண்டு. ஒருவர் உடன் இருந்து பிடித்துக் கொள்வதே பாதுகாப்பு. மூடிய வண்டியை வெயிலில் நிறுத்தி நாயை உள்ளே விட்டுச் செல்லக் கூடாது.

மருந்து

பழக்கியும் வாந்தி நிற்காத நாய்களுக்கு மரோபிடண்ட் என்னும் மருந்து உள்ளது. அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டு இது நாய்களுக்கென அனுமதிக்கப்பட்டது. பயணத்திற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பு, ஒரு கவளம் உணவுடன் கொடுக்க வேண்டும். நாயின் எடைக்கேற்ப அளவைக் கால்நடை மருத்துவரே முடிவு செய்வார். மனிதருக்கான மாத்திரைகளைத் தாமாகக் கொடுப்பது தவறு.

எச்சரிக்கை

பயணத்தால் வரும் எச்சிலும் வாந்தியும் வண்டியை விட்டு இறங்கிய சிறிது நேரத்தில் நின்றுவிடும். பயணம் இல்லாமலே வாந்தி எடுத்தால் அது வேறு நோய். வீட்டிலேயே நாய் தொடர்ந்து எச்சில் வடித்து, விழுங்க முடியாமல், குரல் மாறி, குணம் மாறிக் காணப்பட்டால் வெறிநோயாக இருக்கலாம். எலும்பு சிக்கியிருக்கும் என்று வாயில் கைவிடக் கூடாது. உடனே கால்நடை மருத்துவருக்குத் தகவல் தர வேண்டும். கடிபட்டவர், அல்லது காயத்தில் எச்சில் பட்டவர், அந்த இடத்தைச் சோப்பு நீரால் 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக் கொள்ள வேண்டும். வெறிநோய் அறிகுறி தோன்றிய பின் உயிர் பிழைப்பது மிக அரிது.

குட்டிக்கு 3 மாத வயதில் முதல் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். எனவே குட்டி வீட்டுக்கு வந்த சில நாட்களிலேயே வண்டிப் பழக்கத்தைத் தொடங்கிவிட்டால், தடுப்பூசிக்கு அழைத்துச் செல்லும் நாளில் சிரமம் இருக்காது.