ஒரு விரலில் மூன்று ஸ்வரம்

புதுவையிலிருந்து கடலூர் செல்லும் சாலைக்குக் கிழக்கே, பாகூர் கொம்யூனைச் சேர்ந்த கடலோரச் சிற்றூர் பனித்திட்டு. இவ்வட்டாரத்து ஊர்களில் பெரிய சிவாலயமும் பெருமாள் கோயிலும் ஒருபுறம் இருக்க, பஜனைக் கோயில் என்ற பெயரில் சிறு மண்டபமோ, அதன் பெயரைத் தாங்கிய தெருவோ இருப்பதும் வழக்கம். புரட்டாசிச் சனிக்கிழமைகளிலும் மார்கழி வைகறையிலும் ஜால்ரா, மிருதங்கம், ஆர்மோனியம் ஆகிய மூன்றும் துணை நிற்க, நாம சங்கீர்த்தனம் நடந்துவந்த இடங்கள் இவை. இன்று இத்தகைய பஜனைகள் பலவற்றில் ஆர்மோனியம் இருந்த இடத்தில் கீபோர்டு வந்து அமர்ந்துவிட்டது. வாசிப்பவர் பெரும்பாலும் பள்ளியிலோ கல்லூரியிலோ படிக்கும் பிள்ளை.

அக்கருவிகள் சிலவற்றில், கட்டைகளுக்கு மேலே சதுரமான ரப்பர்ப் பொத்தான்கள் உண்டு. பேடு என்பார்கள். ஒரு பேடைத் தொட்டால் ஒரு ஸ்வரம் மட்டும் ஒலிப்பதில்லை; முன்னரே பதிந்துவைத்த ஸ்வரக்கூட்டு முழுவதும் ஒருங்கே எழும். மேனாட்டார் இதனைக் கார்ட் என்பர். பேடு இல்லாத எளிய கருவிகளிலும் இடக்கை ஒரு கட்டையைத் தொட்டாலே முழுக் கூட்டையும் ஒலிக்கச் செய்யும் வசதி இருக்கிறது. பல ஆண்டு பயில வேண்டிய விரல் வேலையை இயந்திரம் ஒரு நொடியில் முடித்துவிடுகிறது. பெரியவர்களின் முகச்சுளிப்பு தொடங்குவதும் இங்கேதான்.

இச்சுளிப்பு புதிதன்று. பிரெஞ்சுக்காரரான அலெக்சாந்தர் தெபேன் 1842இல் பாரிஸில் காப்புரிமை பெற்ற ஆர்மோனியம், காலால் மிதித்து வாசிக்கும் கருவியாகவே இந்நாட்டுக்கு வந்தது. தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை இயக்கும் வடிவத்தைக் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் உருவாக்கினார். பஜனைக்கும் நாடகத்துக்கும் அது உற்ற துணையாயிற்று. 1922இல் புதுவையிலேயே மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக மரபை ஆர்மோனியம் இன்றி நினைத்துப் பார்க்க இயலாது. தெருக்கூத்திலும் அது இடம்பிடித்தது. ஆயினும் கமகத்துக்கு ஒவ்வாதது என்று கூறி, அகில இந்திய வானொலி 1940இல் அதனை விலக்கிவைத்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே அத்தடை தளர்ந்தது. வானொலி விலக்கிய காலத்திலும் பஜனை மடங்கள் அதனைக் கைவிடவில்லை.

அன்று எழுந்த குறை, ஸ்வரத்தை அசைக்க இயலாது என்பது. பேடு கொண்டுவரும் குறை அதனினும் பெரிது. சாதாரணக் கூட்டில் ஷட்ஜம், காந்தாரம், பஞ்சமம் என மூன்று ஸ்வரங்கள் இருக்கும். மோகனத்தில் பாடினால் அக்காந்தாரம் ராகத்துக்குரியதே, இடர் இல்லை. பைரவியில் பாடும்போது அதே பேடைத் தொட்டால், பாடுபவர் சாதாரண காந்தாரத்தில் நிற்க, கருவி அந்தர காந்தாரத்தில் நிற்கும். மத்தியமாவதியிலோ காந்தாரமே கிடையாது. பஜனையின் நிறைவில், உள்ளம் குளிரப் பாட வேண்டிய அந்த ராகத்தில், இல்லாத ஸ்வரம் ஒன்று ஒலிபெருக்கி வழியே வந்து நிற்கிறது. எழுபது வயதுக் குரல் அதனோடு எவ்வளவு நேரம் போராடும்? சில நாமாவளிகளுக்குப் பின் தன் சுருதியை விட்டுக் கருவியின் பக்கம் சாய்ந்துவிடும். கேட்டுக் கற்கும் குழந்தைகளுக்கு அதுவே ராகமாகிவிடும்.

ஆகவே கருவியை வெளியே வை என்று சொல்லிவிடலாமா? பிள்ளையும் அதனோடு வெளியே போய்விடுவான். அதற்குத் தேவையே இல்லை என்பதைத் தம்புரா காட்டுகிறது. அதன் நான்கு தந்திகளில் ஒன்று பஞ்சமம், ஏனைய மூன்றும் ஷட்ஜம். காந்தாரத்துக்கெனத் தந்தி இல்லை. நன்கு சுருதி சேர்ந்த தம்புராவில் அந்தர காந்தாரம் தானே மெல்லிழையாய் எழும். அதனைச் சுயம்பு காந்தாரம் என்று இசையறிந்தோர் போற்றுவர். கீபோர்டின் காந்தாரம் அதுவன்று. அரை ஸ்வர இடைவெளியை நூறு கூறாக்கினால், இயற்கைக் காந்தாரத்தைவிடச் சுமார் 14 கூறு உயர்ந்து நிற்பது அது.

பல கருவிகளில் பேடில் எந்த ஸ்வரங்கள் ஒலிக்க வேண்டும் என்பதை நாமே பதிந்துகொள்ளலாம். காந்தாரத்தை நீக்கி, கீழ் ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம் மூன்றையும் ஒரு பேடில் பதிந்துவிட்டால், எந்த ராகத்துக்கும் அது இடையூறு செய்யாது. புன்னாகவராளி, செஞ்சுருட்டி போன்று மத்தியம ஸ்ருதியில் பாடுபவற்றுக்கு ஷட்ஜமும் மத்தியமமும் சேர்ந்த மற்றொரு பேடு. ஆதாரச் சுருதிக்கு இவ்விரண்டே போதும். தாள இயந்திரத்தை அடியோடு நிறுத்திவிடுவது நலம்; நாமாவளி மெல்லத் தொடங்கி விரைந்து செல்வது, அதனை இயந்திரத்தின் ஒரே கதியில் கட்டிப்போடுவது கொடுமை.

முழுக் கூட்டுகளும் வீணல்ல. அவற்றுக்கென்றே அமைந்தவை போன்ற பாடல்களை முத்துசுவாமி தீட்சிதர் அருளியிருக்கிறார். ஆங்கிலேயரின் வாத்தியக் குழு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழியில் தெய்வத் துதிகளை அமைத்தார். நோட்டுஸ்வர சாகித்யங்கள் எனப்படும் அவை சங்கராபரணத்தின் ஸ்வரங்களில், கமகம் இன்றி நேராகச் செல்பவை. சங்கீதம் பயிலும் சிறுவர்கள் முதலில் கற்பவற்றுள் ஒன்றான 'சக்தி ஸஹித கணபதிம்' அவ்வகையே. அதற்கு ஷட்ஜம், மத்தியமம், பஞ்சமம் ஆகியவற்றின் மீது எழும் மூன்று கூட்டுகளைப் பேடுகளில் வைத்துக்கொண்டு வாசித்தால், மேனாட்டு மெட்டு தன் வீட்டுக்கே வந்த மகிழ்ச்சியோடு ஒலிக்கும். பிள்ளையின் கைத்திறமைக்கும் இடம் கிடைக்கும்.

முதியோருக்குப் பயன்படும் வசதி இன்னொன்று, டிரான்ஸ்போஸ் பொத்தான். வயது ஏற ஏறக் குரல் இறங்கும். ஒரு காலத்தில் ஒன்றரைக் கட்டையில் பாடியவர் இப்போது ஒரு கட்டைக்கும் கீழே இறங்கியிருக்கலாம். பெண்கள் பாடும்போது ஐந்து, ஐந்தரைக் கட்டை வேண்டியிருக்கும். பழகிய விரலை மாற்றாமலே சுருதியை மட்டும் ஏற்றவும் இறக்கவும் இப்பொத்தான் உதவும். பேடுகளும் உடன் மாறுகின்றனவா என்பதைப் பஜனைக்கு முன்பே ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட வேண்டும். விளக்கேற்றியதும், முதலில் பாடப்போகும் பெரியவர் ஒருமுறை ஷட்ஜம் பிடிக்கட்டும். கருவி வாசிப்பவர் அந்தக் குரலுக்குப் பொத்தானைத் திருத்தட்டும். தோடய மங்களம் அதன் பிறகு.