புளிப்பு நீக்கும் இல்லம்

யூதரின் பண்டிகைகளுள், வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் தேடித் துலக்க வேண்டிய கடமையை உடையது பாஸ்கா ஆகும். எகிப்தின் அடிமைத்தளையினின்றும் தம் முன்னோர் விடுபட்டதை நினைவுகூரும் இத்திருநாள், மாரி கழிந்து இளவேனில் பிறக்கும் நிசான் மாதத்தில் வருகின்றது. ஆயினும், அதற்குரிய வீட்டு வேலையைப் பலர் மாரிகாலத்திலேயே தொடங்கிவிடுவர்.

இவ்வேலையின் நோக்கம் யாது? புளிப்பை நீக்குவதே அன்றி, அழுக்கை நீக்குவதன்று. முன்னோர் விரைந்து புறப்பட்டமையால், அவர்கள் பிசைந்த மா புளிப்பதற்கு நேரம் இருக்கவில்லை என்று யாத்திராகமம் கூறுகின்றது. ஆதலால், பண்டிகை நாட்களில் புளித்த பண்டத்தை உண்ணுதல் மட்டுமன்றி, வீட்டில் உடைமையாக வைத்திருத்தலும் விலக்கப்பட்டது. கோதுமை, வாற்கோதுமை முதலாய ஐந்து தானியங்களின் மாவில் நீர் பட்டு, அது 18 நிமிடம் பிசையப்படாமல் கிடப்பின் புளித்ததாகவே கொள்ளப்படும்.

கொச்சியில் வாழ்ந்த யூதர் இவ்வகையில் மிகக் கண்டிப்பானவர். டிசம்பர் அளவில் வரும் ஹனுக்கா என்னும் விளக்குத் திருநாள் முடிந்ததுமே அவர்களது ஆயத்தம் தொடங்கும். வீட்டுக்கு வெள்ளை பூசுவர். கிணற்றை இறைத்துத் துலக்குவர். பாஸ்காவிலும் சோறு உண்பது அவர்தம் மரபாகையால், பெண்கள் அரிசியை மணிமணியாக ஆராய்ந்து எடுத்து வைப்பர். 1948 ஆம் ஆண்டின் பின்னர் அச்சமூகத்தாரிற் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர்.

வேலைக்கு ஒரு வரிசை உண்டு. படுக்கையறை, அலுமாரி, புத்தகத்தட்டு என்பன முதலிலும், சமையலறை இறுதியிலும் துலக்கப்படும். துலக்கிய அறைக்குள் பின்னர் பாணோ பிஸ்கற்றோ கொண்டுசெல்லலாகாது. சிறுவரின் சட்டைப்பைகள் வெளிப்புறமாகத் திருப்பி உதறப்படும். சமைத்த உலோகக் கலங்கள் பலவற்றைக் கொதிநீரில் அமிழ்த்தித் தூய்மையாக்கலாம். மட்கலங்களுக்கு அம்முறை பயன்படாது. எனவே, பாஸ்காவுக்கெனத் தனிக் கலங்கள் வைத்திருப்போர் பலர்.

பண்டிகைக்கு முந்திய இரவில், மெழுகுவர்த்தி ஒளியில் வீட்டார் இறுதித் தேடல் நிகழ்த்துவர். பத்துப் பாண் துண்டுகளை முன்கூட்டியே ஒளித்து வைத்து, இறகினால் அவற்றைக் கூட்டியெடுப்பது பலரது வழக்கம். மறுநாட் காலை அவை தீயிலிடப்படும்.

இங்ஙனம் கடுமையாகத் தோன்றும் இவ்விதிக்குள்ளே ஓர் இரக்கமும் உண்டு. ஏறத்தாழ கி.பி. 200 இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டநூல், புளித்த பண்டம் கொண்டுசெல்லப்படாத இடத்தைத் தேட வேண்டுவதில்லை என்கின்றது. கீரி போன்ற சிறு விலங்கு ஒன்று வீட்டுக்கு வீடு புளிப்பை இழுத்துச் சென்றிருக்குமோ என அஞ்சவும் வேண்டா. அங்ஙனம் அஞ்சத் தொடங்கின் அதற்கு முடிவே இராது என்பது அந்நூலின் கருத்து. தேடி முடித்தபின், கண்ணிற் படாது எஞ்சிய புளிப்பு யாவும் தமக்கு உரியதன்று, அது நிலத்துப் புழுதிக்கு ஒப்பானது என வீட்டார் மொழிவர். பாமரரும் விளங்கிக்கொள்ளும் பொருட்டு, இவ்வாசகம் அக்காலத்துப் பேச்சுமொழியாகிய அரமேயத்தில் அமைக்கப்பட்டது.

மனிதர் கையால் முற்றும் துலக்க முடியாது என்பதை இச்சட்டம் உணர்ந்திருக்கின்றது. ஆயினும், திரைச்சீலை வெளுத்தல், யன்னல் துடைத்தல், பரணை ஒழுங்குபடுத்தல் என விதியில் இல்லாத பலவும் இல்லத்தரசியின் தலைமேல் ஏறிவிடுகின்றன. புழுதி வேறு, புளிப்பு வேறு என்று யூத சமய குருமார் நினைவூட்டுவது இதன்பொருட்டே. பாஸ்கா இரவில், சுதந்திர மக்கள் என்பதற்கு அடையாளமாகச் சாய்ந்தமர்ந்து உண்பது மரபு. அடிமைத்தளை அறுந்த கதையைச் சொல்லும் அவ்விருந்தில், வாரக்கணக்காய் உழைத்த தாய் களைப்பால் உறங்கிவிடுவாளாயின், வீடு துலங்கியும் பண்டிகை குறைபட்டதாகும். தேவையானதைத் தேர்ந்து செய்து, வேலையை வீட்டார் அனைவரும் பகிர்ந்துகொள்ளும் இல்லத்திலேதான் அவளும் அவ்விரவில் ஆறியமர்ந்து அக்கதையைக் கேட்க இயலும்.