வேலியோரத்தில் தொங்கும் வெள்ளைப் பூ



ஒரு நாள் காலை எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "சார், எழுத்து மங்கலாத் தெரியுது" என்று புத்தகத்தை முகத்தருகே கொண்டுபோனாள். வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தேன். இடது கண்ணின் பாவை கடுகளவு இருந்தது. வலது கண்ணின் பாவையோ மிளகைப் போல விரிந்து, வெளிச்சம் பட்டும் சுருங்காமல் நின்றது. எங்கேயும் விழவில்லை என்றாள். காலையில் என்ன விளையாடினாய் என்று கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. லயத்துக்குப் பின்னால் வேலியோரத்தில் தொங்கிய பெரிய வெள்ளைப் பூவைப் பறித்து, விரலுக்குத் தொப்பி போட்டு விளையாடியிருக்கிறாள். பூவைக் கசக்கிய கையால் கண்ணையும் தேய்த்திருக்கிறாள்.

அது என்ன பூ? லயத்தில் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். அவளுடைய பாட்டி மட்டும் உறுதியாக, "ஊமத்தைதான் வாத்தியாரய்யா. கீழே குப்பைமேட்டுல செடியா முளைக்கும், இங்க குளிருக்கு மரமா நிக்குது" என்றார்.

பாட்டி சொன்னது பாதி சரி. லெம்பா பெர்த்தாமிலும் ரிங்லெட்டிலும் தானா ராத்தா போகும் சாலையோரத்திலும் நீங்கள் பார்க்கும் இந்தச் செடிக்குப் புரூக்மான்சியா என்று பெயர். ஊமத்தைக்கு மிக நெருங்கிய உறவு, ஆனால் ஊமத்தை அல்ல. பாட்டியைக் கேலி செய்ய வேண்டாம். செடிகளுக்கெல்லாம் பெயர் வைத்த லின்னேயஸ் என்ற பெரிய அறிஞரே 1753-இல் இதை ஊமத்தை இனத்தில்தான் சேர்த்தார். 1805-இல் பெர்சூன் என்பவர்தான் இதைத் தனியாகப் பிரித்து, புரூக்மன்ஸ் என்ற டச்சு அறிஞரின் பெயரை வைத்தார்.

இரண்டையும் பிரித்தறிவது கடினமல்ல. முதலில் பூ எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். ஊமத்தம்பூ வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருக்கும். புரூக்மான்சியா தலை கவிழ்ந்து தொங்கும். ஏறக்குறைய ஓர் அடி நீளம் இருக்கும். வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள் நிறங்களில் உண்டு. அடுத்துத் தண்டைப் பாருங்கள். ஊமத்தை இடுப்பளவு செடி. இதுவோ கட்டைத்தண்டு வைத்து ஆள் உயரத்துக்கு மேல் வளரும். ஊமத்தங்காயில் முள் இருக்கும். இதன் காய் வழவழப்பானது. ஆனால் காயைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள், பல செடிகளில் அது பிடிப்பதே இல்லை. கடைசியாக வாசனை. பகலில் சும்மா இருக்கும் பூ, பொழுது சாய்ந்தால் லயம் முழுக்க மணக்கும். அந்தி நேரத்தில் பறக்கும் பெரிய அந்துப்பூச்சிகளை அழைக்கிற மணம் அது.

இதன் தாய்நாடு தென் அமெரிக்கா. அங்கே இன்று இது காட்டுச் செடியாக இல்லை. இந்த இனத்தைச் சேர்ந்த எதுவுமே இயற்கையில் அற்றுப்போய்விட்டதாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பதிவு செய்திருக்கிறது. மனிதர்கள் கிளை ஒடித்து நட்டு நட்டுத்தான் இதை வாழவைத்திருக்கிறார்கள். அழகுக்காக நட்ட கையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் இலை, பூ, விதை, வேர் எல்லாமே நஞ்சு. அத்ரோபின், ஸ்கோபலமின் போன்ற பொருள்கள் இதில் இருக்கின்றன. கண் மருத்துவர் பாவையை விரிக்கச் சொட்டு மருந்தாக விடுவதும் அத்ரோபின்தான். அப்படியானால் இதுவும் மருந்துதானே என்று சிலர் கேட்பார்கள். மருத்துவரிடம் அளவு இருக்கிறது. செடிக்குச் செடி, இலைக்கு இலை நஞ்சின் அளவு மாறும். அதை நாம் கண்ணால் அளக்க முடியாது. தக்காளியும் மிளகாயும் கத்தரியும் இதே குடும்பம் என்பதால் இதையும் சமைத்துப் பார்க்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள்.

வயிற்றுக்குள் போனால் வாய் உலரும், முகம் சிவக்கும், உடம்பு கொதிக்கும், ஆனால் வேர்க்காது. நெஞ்சு படபடக்கும், சிறுநீர் கட்டும். பிறகு பிள்ளை இல்லாத ஆளோடு பேசும், காற்றைக் கையால் பிடிக்கும். இந்தக் கட்டத்தில்தான் நம் வீடுகளில் காத்துக் கருப்பு பட்டுவிட்டது என்று திருநீறு போட்டு உட்காரவைக்கிறோம். திருநீறு பூசுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. வண்டியில் ஏற்றிவிட்டுப் பூசுங்கள். இங்கிருந்து தானா ராத்தா மருத்துவமனைக்கு வளைவுப் பாதை, நேரம் பிடிக்கும். வாந்தி எடுக்கவைக்க வேண்டாம், புளித்தண்ணீர் கரைத்துக் கொடுக்க வேண்டாம். வண்டி கிடைக்காவிட்டால் 999-ஐ அழையுங்கள்.

கண்ணில் பட்டிருந்தால் ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவி, அதன் பிறகு மருத்துவரிடம் காட்டுங்கள். எப்படியானாலும் அந்தச் செடியின் இலையையும் பூவையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஒரு கண்பாவை மட்டும் விரிந்திருந்தால் தலையில் அடிபட்டதோ, மூளையில் கோளாறோ என்றுதான் மருத்துவர் முதலில் சந்தேகிக்க வேண்டியிருக்கும். எங்கள் மாணவிக்குப் பை கைகொடுத்தது. மருத்துவர் பூவைப் பார்த்தார், பாட்டி சொன்னதையும் கேட்டார், சில நாளில் சரியாகிவிடும் என்றார். அப்படியே ஆனது.

அந்த வேலிச் செடியை பிறகு வெட்டினோம். கையுறை போட்டு வெட்டி, கையையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவினோம். வெட்டிய கிளைகளை ஓடையோரத்தில் போடவில்லை. ஈரம் பட்டால் ஒவ்வொரு துண்டும் வேர்விட்டுவிடும்.