காலணியா, கல்லா? குற்றால மலைப்பாதையில் ஓர் இயற்பியல் பாடம்



ஆனி பிறந்துவிட்டால் ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நுழைந்து, தென்காசியும் குற்றாலமும் சாரலில் நனையத் தொடங்கும். அருவியில் நீராடியதும் நம்மில் பலருக்கும் ஓர் ஆசை எழும்: "இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கொஞ்சம் மேலே ஏறிப் பார்த்தால் என்ன?" நல்ல ஆசைதான். ஆனால் ஏறுமுன் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். காலில் எதை அணிவது? எந்தப் பாதையில் நடப்பது?

நான் கல்லூரியில் படித்த காலத்தில், இவ்விரண்டு கேள்விகளையும் கேட்டுக்கொள்ளாமல் நண்பர்கள் இருவருடன் செண்பகாதேவி அருவிக்குச் சென்றேன். காலில் புதிய ஷூ. பளபளப்பான, கடினமான, வழுவழுப்பான அடிப்பாகம் கொண்டது. திரும்பி இறங்கும்போது பச்சை படர்ந்த பாறையொன்றில் கால் வைத்தேன். அடுத்த நொடி தரையில் கிடந்தேன். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. அவ்வழியே வந்த பெரியவர் ஒருவர் என்னைத் தூக்கி உட்கார வைத்தார். அவர் காலில் செருப்புகூட இல்லை. "ஏலே, காலுல என்ன போட்டிருக்கன்னு பாக்காத; காலை எங்க வைக்கன்னு பாரு" என்றார். நான் பாடப் புத்தகத்தில் படித்துத் தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கியிருந்த உராய்வு விதியைத்தான் அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்!

உராய்வு என்னும் நண்பன்

நாம் நடப்பது எப்படி? பாதம் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. தரை நம்மை முன்னோக்கித் தள்ளுகிறது. இந்தத் தள்ளுதலைத் தருவது உராய்வு விசை. உராய்வே இல்லையென்றால் எண்ணெய் கொட்டிய தரையில் நிற்பவனைப்போல நாம் ஓரடியும் நகர முடியாது.

இரண்டு பரப்புகளுக்கிடையே கிடைக்கக்கூடிய மிகப்பெரிய உராய்வு விசையை, அவற்றை ஒன்றோடொன்று அழுத்தும் விசையால் வகுத்தால் வரும் எண்ணே உராய்வுக் குணகம். இதை உங்கள் வீட்டிலேயே அளந்துவிடலாம். ஒரு மீட்டர் நீளமுள்ள பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் உங்கள் ஷூவை வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். ஷூ வழுக்கத் தொடங்கும் கணத்தில் நிறுத்துங்கள். உயர்ந்த முனை தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். அப்போது தரையில் அளந்த அடிப்பக்கம் ஏறத்தாழ 87 செ.மீ. இருக்கும். உயரத்தை அடிப்பக்கத்தால் வகுத்தால் 0.57 வருகிறது. இதுவே உங்கள் ஷூவுக்கும் பலகைக்கும் இடையேயுள்ள உராய்வுக் குணகம்.

அடுத்து, ஷூவுக்குள் மணலை நிரப்பி மறுபடியும் செய்யுங்கள். ஏறக்குறைய அதே கோணத்தில்தான் வழுக்கும். எடை கூடும்போது கீழ்நோக்கி இழுக்கும் விசையும் கூடுகிறது, பிடித்து நிறுத்தும் உராய்வும் அதே அளவில் கூடுகிறது. ஆகவே "நான் ஒல்லி, எனக்கு வழுக்காது" என்று யாரும் எண்ண வேண்டாம்.

மூன்றாவதாக, பலகையை நனைத்துச் செய்யுங்கள். நான்காவதாக, சில துளி எண்ணெய் தடவிச் செய்யுங்கள். நான்கு எண்களையும் குறித்துவைத்து ஒப்பிடுங்கள். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஈரப் பாறையில் நடப்பவர்கள் ஏன் தடுமாறுகிறார்கள் என்பதற்கு விடை அந்த எண்களில் இருக்கிறது. எண்ணெய் உயவுப்பொருள் அல்லவா? இயந்திரத்துக்கு அது செய்யும் வேலையைத்தான் நம் உள்ளங்காலுக்கும் செய்கிறது.

அடிப்பாகத்தில் ஏன் வரிப்பள்ளங்கள்?

சமதரையில் சாதாரணமாக நடப்பதற்கே உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.2 தேவைப்படுகிறது. ஐந்து மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவில், சும்மா நிற்பதற்கே இன்னொரு 0.2 வேண்டும். ஆக, அத்தகைய சரிவில் இறங்கி நடக்க 0.4 அளவுக்காவது பிடிப்பு இருக்க வேண்டும். உலர்ந்த கல்லின்மேல் ரப்பர் இதைவிட நன்றாகவே பிடிக்கும். ஈரத்தில்தான் சிக்கல். ரப்பருக்கும் கல்லுக்கும் நடுவே நீர்ப்படலம் நின்றுவிட்டால் இரண்டும் தொடவே முடிவதில்லை. அடிப்பாகத்தில் பள்ளங்கள் இருந்தால் நீர் அவற்றின் வழியே பிதுங்கி வெளியேறும். சேற்றிலோ மேடுகள் மண்ணுக்குள் புதைந்து, பற்சக்கரத்தின் பற்களைப்போலப் பற்றிக்கொள்ளும்.

இந்த எண்ணத்துக்குப் பின்னால் ஒரு துயரக் கதை உண்டு. 1935-ஆம் ஆண்டு இத்தாலிய ஆல்ப்ஸ் மலையில் விட்டாலே பிரமானி என்பவருடன் சென்ற ஆறு நண்பர்கள் உயிரிழந்தனர். பனிக்கும் பாறைக்கும் பொருந்தாத காலணியும் அதற்கு ஒரு காரணம் என்று அவர் கருதினார். அதன் விளைவாக 1937-இல் அவர் ஆழமான பள்ளங்களுடைய ரப்பர் அடிப்பாகத்தை உருவாக்கினார். இன்றைய மலையேற்றக் காலணிகள் பலவும் அதன் வழிவந்தவையே.

ஆனால் பாசி படர்ந்த வழுவழுப்பான பாறையில் பள்ளங்களும் பெரிதாக உதவுவதில்லை. மேடுகள் பற்றிக்கொள்ள அங்கே மேடுபள்ளம் ஏதுமில்லை. பாசியின் கொழகொழப்பே உயவாகிவிடுகிறது. ஜப்பானில் ஓடை வழியே மலையேறுபவர்கள் முற்காலத்தில் வைக்கோலால் பின்னிய செருப்பை அணிந்தார்கள். அதன் நார்கள் கொழகொழப்பைக் கிழித்துக்கொண்டு கல்லைத் தொடும். நம்மிடம் அது இல்லை; எனவே நமக்குரிய வழி, பச்சையாகவோ கறுத்து மினுமினுப்பாகவோ தெரியும் கல்லை மிதிக்காமல் சுற்றிப் போவதே.

அடியைச் சுருக்கி வைப்பதும் நல்ல உத்தி. நீளமாக அடியெடுத்து வைத்தால் கால் சாய்வாக ஊன்றும். சாய்வு கூடினால் பக்கவாட்டு விசையும் கூடும். சிறு அடியில் கால் ஏறக்குறைய நேராக ஊன்றுவதால் குறைந்த உராய்வே போதும்.

கடையில் என்ன பார்ப்பது?

எளிய மலைநடைக்கு விலையுயர்ந்த கனத்த பூட்ஸ் தேவையில்லை. பள்ளங்கள் தேயாத ரப்பர் அடிப்பாகமுள்ள கான்வாஸ் ஷூவோ விளையாட்டு ஷூவோ போதும். கனம் குறைவாக இருப்பது நல்லதும்கூட. ஒவ்வோர் அடியிலும் காலணியை வேகப்படுத்தி, பிறகு நிறுத்த வேண்டியிருக்கிறது. காலில் உள்ள சுமை, முதுகில் சுமக்கும் அதே எடையைப்போல் சுமார் ஐந்து மடங்கு களைப்பைத் தரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படியானால் ஒவ்வொரு ஷூவிலும் 300 கிராம் கூடினால், முதுகில் 3 கிலோ கூடியதற்குச் சமம்!

வாங்கும்போது இவற்றைக் கவனியுங்கள். பகலெல்லாம் நின்று நடந்த பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும். ஆகவே மாலையில் போட்டுப் பாருங்கள். நடைக்கு அணியப்போகும் அதே காலுறையுடன் போட்டுப் பாருங்கள். விரல் நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். குதிகால் மட்டும் அசையாமல் கவ்விப் பிடிக்க வேண்டும். கடைவாசலில் சரிவு இருந்தால் கீழ்நோக்கி நின்று பாருங்கள். விரல்கள் முன்பக்கம் இடித்தால் அந்த ஷூ வேண்டாம். ஏறும்போது தெரியாத குறை இறங்கும்போதுதான் நகக்கண்ணில் தெரியும்.

கொப்புளம் வருவதும் உராய்வாலேயே. கல்லின்மேல் நமக்கு நண்பனாக இருக்கும் உராய்வு, காலணிக்குள் பகைவனாகிவிடுகிறது. ஈரமான தோல் உலர்ந்த தோலைவிட அதிகம் பற்றிக்கொள்ளும். தோலின் மேலடுக்கும் உள்ளடுக்கும் எதிரெதிராக இழுபட்டுப் பிரிந்து, நடுவே நீர் கோத்துக்கொள்கிறது. எனவே மாற்றுக் காலுறை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். புதிய ஷூவை ஒரு வாரமாவது தெருவில் போட்டு நடந்து பழக்கிய பிறகே மலைக்குக் கொண்டுசெல்லுங்கள். பல ஆண்டுகள் பரணில் கிடந்த ஷூவையும் நம்ப வேண்டாம். சில வகைப் பிளாஸ்டிக் அடிப்பாகங்கள் காற்றிலுள்ள ஈரத்தால் நீராற்பகுப்புக்கு உள்ளாகி, பார்வைக்கு நன்றாக இருந்தாலும் நடக்கும்போது பொடிந்துவிடும்.

எந்தப் பாதை?

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நெய்ஸ்மித் என்பவர் 1892-இல் ஓர் எளிய விதியைத் தந்தார். மெட்ரிக் அளவில் ஏறத்தாழ இப்படிச் சொல்லலாம்: 5 கி.மீ. நடைக்கு ஒரு மணி. 600 மீட்டர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி. அதாவது 10 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு நிமிடம். 2 கி.மீ. நீளமும் 150 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதை என்றால், 24 நிமிடமும் 15 நிமிடமும் சேர்த்து 39 நிமிடம். பழக்கமில்லாதவர்களும் சிறுவர்களும் இதை இரட்டிப்பாக்கிக்கொள்வது நல்லது.

இதற்கு எவ்வளவு ஆற்றல் வேண்டும்? 50 கிலோ நிறையுள்ள மாணவன் 150 மீட்டர் உயர 50 × 9.8 × 150 = 73,500 ஜூல் தேவை. தசைகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே பயனுள்ள வேலையாக மாற்றுவதால், செலவாவது சுமார் 2,94,000 ஜூல். அதாவது 70 கிலோ கலோரி. ஓரிரண்டு இட்லிகளில் கிடைத்துவிடும்! ஆகவே எளிய மலைநடையில் நம்மைத் தோற்கடிப்பது பெரும்பாலும் பசியல்ல, வழுக்கல்தான்.

படிப்படியாகப் பழகுங்கள். முதலில் தென்காசியிலிருந்து குற்றாலம் வரையுள்ள சுமார் 5 கி.மீ. தூரத்தை ஒரு காலை வேளையில் நடந்து, காலணியைச் சோதியுங்கள். அடுத்து, செங்கோட்டைக்கு அருகே பண்பொழியில் உள்ள திருமலைக் கோயிலுக்கு ஏறுங்கள். ஐநூறுக்கும் மேற்பட்ட படிகள் உங்கள் முழங்காலின் வலிமையைச் சொல்லிவிடும். பேரருவியிலிருந்து சுமார் 2 கி.மீ. மேலேயுள்ள செண்பகாதேவிக்கு வனத்துறையின் அனுமதி இருந்தால் மட்டுமே, பெரியவர்களின் துணையோடு செல்லலாம். அனுமதி இல்லையென்றால் அந்தப் பேச்சே வேண்டாம். 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகளை எளியவை, நடுத்தரமானவை, கடினமானவை என்று வகுத்து, வழிகாட்டியுடன் அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்தார்கள். தொடக்கக்காரர்கள் எளிய வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

எந்தக் காலணியும் உதவாத இடம்

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்து, 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். உங்களில் பலருக்கும் அந்த வயதுதான்.

இங்கே இயற்பியல் முற்றிலும் நமக்கு எதிராக நிற்கிறது. ஒரு கன மீட்டர் நீரின் நிறை 1000 கிலோ. ஓடும் நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதே வேளையில் நீர் நம் உடம்பை மேல்நோக்கித் தூக்குவதால் பாதம் தரையை அழுத்தும் விசை குறைகிறது. அழுத்தம் குறைந்தால் உராய்வும் குறைகிறது. தள்ளுவது கூடிக்கொண்டே போகும்போது பிடித்து நிறுத்துவது குறைந்துகொண்டே வருகிறது! எவ்வளவு நல்ல பூட்ஸும் அங்கே வெறும் கனம்தான்.

நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மலையுச்சியில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். தெளிந்த நீர் கலங்கினால், இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தால், அருவியின் ஓசை கூடினால், ஒரு நொடியும் தாமதிக்காமல் ஓடையைவிட்டு விலகி உயரமான இடத்துக்குச் செல்லுங்கள். காவல்துறை தடை விதித்த நாளில் திரும்பி வருவது கோழைத்தனமல்ல. அளந்து பார்த்து முடிவெடுக்கும் அறிவியல் மனப்பான்மை.

என் மணிக்கட்டு சாரல் காலத்தில் இன்றும் லேசாக வலிக்கும். அப்போதெல்லாம் அந்தப் பெரியவரை நினைத்துக்கொள்வேன். நீங்கள் இந்தப் பாடத்தை எலும்பு முறியாமலேயே கற்றுக்கொள்ளலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பலகையும் உங்கள் பழைய ஷூவும் எடுத்துச் சோதனையைத் தொடங்குங்கள்!